கார் பளபளக்க பாலிஷா, வேக்ஸா? வாங்குவதிலிருந்து துடைத்து முடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

காருக்கு பாலிஷ் போடலாமா, வேக்ஸ் போடலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வண்டியைத் தினமும் யார் துடைக்கிறார்கள், எதை வைத்துத் துடைக்கிறார்கள்? அபார்ட்மென்ட்டில் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு மஞ்சள் துணியுமாக ஒருவர் வந்து வரிசையாகப் பத்து காரைத் துடைத்துவிட்டுப் போகிறார் என்றால், எவ்வளவு விலையுள்ள டப்பாவை வாங்கிப் பூசினாலும் அந்தப் பளபளப்பு ரொம்ப நாள் நிற்காது. முதல் காரில் எடுத்த மண் பத்தாவது காரின் பானட்டில் தேய்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குக் கிடைக்கும் தண்ணீரும் காசும் அவ்வளவுதான். ஆனால் நீங்கள் பாலிஷுக்குச் செலவு செய்யப் போகிறீர்கள் என்றால் முதலில் அந்தத் துடைப்பை நிறுத்துங்கள், அல்லது நல்ல துணி நாலு வாங்கி அவர் கையில் கொடுங்கள்.

பாதிப் பேர் தப்பான டப்பாவை வாங்குவதற்குக் காரணம், பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியாததுதான். கம்பெனி பெயின்ட் என்பது நாலு அடுக்கு. தகட்டில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அப்புறம் கலர், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான் இருக்கும், தலைமுடியை விட மெல்லிசு. இந்த மெல்லிய அடுக்கின் மேல்பரப்பு சமமாக இருந்தால் டியூப்லைட்டின் பிம்பம் பானட்டில் நேர்க்கோடாக விழும். அதில் பொடிக் கீறல்கள் நிறைந்துவிட்டால் ஒளி சிதறிவிடும், கறுப்பு வண்டி சாம்பல் பூத்த மாதிரியும் சிவப்பு வண்டி வெளிறிப் போன மாதிரியும் தெரியும். இரவில் மொபைல் டார்ச்சை பானட் மேல் அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாக சிலந்தி வலை போல ஒன்று தெரிந்தால் அதுதான் ஸ்வர்ல். துணியும் மண்ணும் சேர்ந்து போட்ட கோலம்.

இந்தக் கீறலை எடுப்பது பாலிஷ். பாலிஷில் மிக நுண்ணிய அரைக்கும் துகள் இருக்கிறது, அது கிளியர் கோட்டில் ஓரிரண்டு மைக்ரானைத் தேய்த்து எடுத்துச் சமமாக்குகிறது. கொஞ்சம் கரடுமுரடான பாலிஷைத்தான் காம்பவுண்ட் என்கிறோம். வேக்ஸ் எதையும் எடுக்காது. மேலே ஒரு படலம் பூசும், தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், நிறத்துக்குக் கொஞ்சம் ஆழம் கொடுக்கும், அத்தோடு சரி. கீறல் விழுந்த பெயின்ட் மேல் வேக்ஸ் போட்டால் கீறலுக்கு வேக்ஸ் போட்டது போலத்தான். நம்மூர் கடைகளில் இரண்டையும் சேர்த்து 'பாலிஷ் போட்டுத் தர்றோம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள், அதனால் எதைப் போடப் போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் பொறுப்பு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பாலிஷ் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டைக் கரைக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அந்த அடுக்குதான். வருடத்துக்கு நாலு முறை காம்பவுண்ட் போட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ரூஃபிலும் பானட்டிலும் பெயின்ட் வெள்ளை வெள்ளையாகப் பட்டை உரிய ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழி கிடையாது. என் கணக்கில் ஒரு முறை ஒழுங்காக பாலிஷ் செய்துவிட்டு, பிறகு கழுவுவதையும் வேக்ஸையும் சரியாகப் பார்த்துக்கொண்டால், அடுத்த பாலிஷை இரண்டு வருடம் வரை தள்ளிப் போடலாம்.

எதை வாங்குவது

முதலில் பாலிஷ். மெஷின் இல்லை, கையால்தான் செய்யப் போகிறேன் என்றால் நடுத்தரமான அல்லது நைசான பாலிஷ் ஒன்று போதும். டப்பாவில் 'ஸ்வர்ல் ரிமூவர்', 'ஃபினிஷிங் பாலிஷ்' என்று போட்டிருக்கும். ரப்பிங் காம்பவுண்ட் என்று டிங்கரிங் கடைகளில் பயன்படுத்தும் கெட்டியான பேஸ்ட்டைக் கையால் தேய்த்தால் பழைய கீறல் போய்ப் புதுக் கீறல் வரும். அது மணல்தாள் போட்டுத் தேய்த்த இடத்தைச் சரிசெய்ய மெஷினுக்காக உள்ள பொருள். 'கிளேஸ்' என்ற பெயரில் வருவது வேறு ஜாதி, அது கீறலை எடுக்காமல் எண்ணெய்ப்பசை போன்ற பொருளால் நிரப்பி மறைக்கும். செகண்ட் ஹேண்ட் கார் மார்க்கெட்டில் வண்டி அன்றைக்குப் புதுசு போல மின்னி, வாங்கி வந்து மூணு முறை கழுவியதும் கீறலெல்லாம் எழுந்து வருவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

வேக்ஸ் பக்கம் வந்தால் நாலு வகை.

கார்நௌபா வேக்ஸ் பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து வருகிறது. இயற்கை மெழுகுகளிலேயே கடினமானது, தனியாக உருக 82 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆனால் டப்பாவில் இருப்பது சுத்த கார்நௌபா கிடையாது, பூசுவதற்கு வசதியாகக் கரைப்பான், எண்ணெய், வேறு மெழுகெல்லாம் கலந்திருப்பார்கள், அதனால் நம் வெயிலில் சீக்கிரம் போய்விடும். திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு வண்டிகளில் இது கொடுக்கும் அந்த ஈரமான பளபளப்பு வேறு எதிலும் அப்படி வராது என்பது என் கருத்து. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு மல்லுக்கட்டுவது பிடிக்கும் என்பவர்களுக்கு இது.

சிந்தெடிக் சீலண்ட் என்பது பாலிமர் பூச்சு. நாலு முதல் ஆறு மாதம் நிற்கும் என்று டப்பாவில் எழுதியிருப்பார்கள், வெயிலில் நிற்கும் வண்டிக்கு மூணு மாதம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. வெள்ளை, சில்வர், கிரே வண்டிகளுக்கு இதுவே பொருத்தம். அந்த நிறங்களில் கார்நௌபாவின் ஆழம் கண்ணுக்கே தெரியாது. தமிழ்நாட்டுத் தெருவில் நிறைய வண்டி வெள்ளைதான், அவற்றுக்கு விலை உயர்ந்த கார்நௌபா வாங்குவது வீண் செலவு.

சிலிக்கா கலந்த ஸ்ப்ரே வேக்ஸ், டப்பாவில் செராமிக் ஸ்ப்ரே என்று இருக்கும். கழுவித் துடைத்தபின் அடித்துத் துடைத்தால் வேலை முடிந்தது, பதினைந்து இருபது நிமிடம் போதும். வேலை குறைவு, நிற்பதும் பேஸ்ட் வேக்ஸை விடக் கூடுதல். ஒரே ஒரு பாட்டில்தான் வாங்குவேன் என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

நாலாவது, கடைகளில் பல ஆயிரம் வாங்கிப் போடும் செராமிக் கோட்டிங். நல்ல பொருள்தான், ஒழுங்காகப் போட்டால் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் விளம்பரத்தில் வரும் '9எச்' என்பதைப் பார்த்து வைரம் போலக் கடினம் என்று நினைத்துவிடாதீர்கள். அது பென்சில் கடினத் தேர்வின் அளவு, 9எச் பென்சிலால் கோடு போட்டால் விழாது என்று பொருள். சாவியால் கிழித்தால் கிழியும், மண்ணுள்ள துணியால் தேய்த்தால் ஸ்வர்ல் வரும். கீழே கீறலை விட்டுவிட்டு மேலே கோட்டிங் போட்டால் அந்தக் கீறல் கோட்டிங் இருக்கும்வரை உங்களோடு இருக்கும்.

வாங்கக் கூடாத பட்டியலும் சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்டு பாலிஷ் பெயின்ட்டுக்கு இல்லை. தேங்காய் எண்ணெய், டீசல் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும் என்பது உண்மைதான், மறுநாள் வரை. அதற்குள் அந்தப் பசையில் ரோட்டுத் தூசி எல்லாம் ஒட்டியிருக்கும், அதைத் துடைக்கும்போது பெயின்ட் அரைபடும், ஜன்னல் ரப்பரும் ஊறிக் கெடும். பற்பசை வேண்டவே வேண்டாம்.

மேட் ஃபினிஷ் (மினுக்காத) பெயின்ட் வண்டிக்கு மேலே சொன்ன பாலிஷ், வேக்ஸ் எதுவும் ஆகாது. தேய்த்த இடம் மட்டும் மினுக்க ஆரம்பித்தால் திரும்ப மேட் ஆக்க முடியாது. புதிதாக டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த பாகம் இருந்தால் அங்கே வேக்ஸ் போட குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம் காத்திருங்கள், பெயின்ட்டில் உள்ள கரைப்பான் ஆவியாகி வெளியே போக வேண்டும்.

மற்ற சாமான்: பி.எச். நடுநிலையுள்ள (அமிலமும் காரமும் இல்லாத) கார் ஷாம்பு, இரண்டு வாளி, கழுவ ஒரு மைக்ரோஃபைபர் கையுறை, துடைக்க ஆறேழு மைக்ரோஃபைபர் துணி, துவட்ட ஒரு பெரிய தடித்த துணி, கிளே பார் (பெயின்ட்டில் ஒட்டியிருப்பதை எடுக்கும் களிமண் போன்ற கட்டி), பாலிஷும் வேக்ஸும் பூச நுரை அப்ளிகேட்டர் பேட் மூன்று, மாஸ்கிங் டேப். பாத்திரம் கழுவும் திரவம் வழக்கமான கழுவலுக்கு வேண்டாம், அது இருக்கிற வேக்ஸையும் உருவிக்கொண்டு போய்விடும். பாலிஷ் செய்யப் போகிற அந்த ஒரு நாளுக்கு மட்டும், பழைய வேக்ஸை எடுக்க வேண்டுமே என்பதற்காகக் கொஞ்சம் கலந்துகொள்ளலாம்.

இடமும் நேரமும்

நிழல். இதில் சமரசம் கிடையாது. பானட்டில் கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. இப்போதுதான் ஓட்டி வந்த வண்டி என்றால் இன்ஜின் சூடு அடங்க ஒரு மணி நேரம் விடுங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால்தான் உண்டு. மரநிழலை நம்பாதீர்கள், தூங்குமூஞ்சி மரத்துக்கும் வேப்பமரத்துக்கும் கீழே பாதி வேலையில் பிசின், பூ, காக்கை எச்சம் என்று ஏதாவது ஒன்று விழும். மூடிய கார் பார்க்கிங்தான் சிறந்தது. முழு வேலைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள், அவசரமாகச் செய்து இதில் யாரும் ஜெயித்ததில்லை.

முதல் படி: கழுவுதல்

சக்கரத்தை முதலில் கழுவுங்கள், அதற்குத் தனித் துணி, தனி பிரஷ். பிரேக் தூசி இரும்புத் துகள், அந்தத் துணி பெயின்ட் பக்கம் வரவே கூடாது. பிறகு வண்டி முழுக்கத் தண்ணீர் பாய்ச்சி, கையே வைக்காமல் எவ்வளவு மண் போகுமோ அவ்வளவையும் வெளியேற்றுங்கள். ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்புவில் முக்கி ஒரு பாகம் தேய்த்ததும் வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். வேலை முடிந்தபின் அந்த இரண்டாவது வாளியின் அடியைப் பாருங்கள், கறுப்பாக ஒரு மண் படிவு இருக்கும். இந்த வாளி இல்லையென்றால் அவ்வளவும் திரும்பப் பெயின்ட்டுக்குத்தான் போயிருக்கும். மேலிருந்து கீழாக: ரூஃப், கண்ணாடி, பானட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியாகக் கீழ்ப்பாதியும் பம்பரும். வட்டமாகத் தேய்க்காமல் நேராகத் தேய்க்கப் பழகுங்கள்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பெயின்ட்டைக் கெடுப்பதில் வெயிலுக்கு அடுத்த இடம் போர் தண்ணீருக்குத்தான். உப்புத் தண்ணீர் பெயின்ட்டில் அப்படியே காய்ந்தால் தண்ணீர் போய்விடும், கால்சியமும் மற்ற உப்பும் வெள்ளை வட்டமாகத் தங்கிவிடும், அதன் மேல் வெயில் பட்டுப் பட்டு ஒரு நாள் கிளியர் கோட்டிலேயே பள்ளம் விழுந்துவிடும். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரைப் பிடித்து வைத்துக் கார் கழுவும் வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் சுத்தத் தண்ணீரைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைச் சக்கரத்துக்கும் தரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சுத்தமான வாளியில் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. கடைசி அலசலுக்கு அதை ஒரு பூவாளியில் ஊற்றி மேலிருந்து விட்டால் வெள்ளைப் புள்ளிப் பிரச்சினை பெருமளவு குறையும்.

துவட்டும்போது தேய்க்காதீர்கள். பெரிய துணியை விரித்துப் பானட்டில் போட்டு மெதுவாக இழுங்கள், அல்லது ஒற்றி எடுங்கள். கண்ணாடி விளிம்பு, கதவுப் பிடி, நம்பர் பிளேட் இடுக்கிலிருந்து பிறகு தண்ணீர் வழிந்து வந்து கடுப்பேற்றும், அங்கேயும் ஒற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே படிந்த வெள்ளைப் புள்ளி இருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து அந்த இடத்தில் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, உடனே கழுவிவிடுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் பாலிஷில்தான் போகும்.

இரண்டாம் படி: ஒட்டியிருப்பதை எடுத்தல்

கழுவிய பின்னும் பெயின்ட் சுத்தமாகியிருக்காது. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானட் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் கையில் வழவழப்பாகத் தோன்றிய இடம் கவர் வழியாக ரவை தூவியதைப் போல நெருடும். அதெல்லாம் பிரேக் துகள், தார்ப் பொடி, மரப்பிசின், எங்கேயோ அடித்த பெயின்ட்டின் தூசி. ரயில் பாதை ஓரம் வண்டி நிறுத்துபவர்களுக்கு இரும்புத் துகள் இன்னும் அதிகம் இருக்கும், வெள்ளை வண்டியில் ஆரஞ்சு நிறப் பொடிப் புள்ளியாகவே தெரியும்.

தார் இருந்தால் முதலில் தார் ரிமூவர். கிடைக்கவில்லை என்றால் துணியில் துளி மண்ணெண்ணெய் தொட்டு அந்த இடத்தை மட்டும் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். இரும்புத் துகளுக்கு அயர்ன் ரிமூவர் என்று ஒரு ஸ்ப்ரே வருகிறது, அடித்த சில நிமிடத்தில் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். நாற்றம் தாங்காது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காயவிடாமல் கழுவிவிடுங்கள்.

மிச்சத்துக்குக் கிளே பார். ஒரு துண்டைப் பிய்த்துக் கையில் பிசைந்து தட்டையாக்கி, பெயின்ட்டில் கிளே லூப்ரிகன்ட்டைத் தாராளமாக அடித்து (ஷாம்பு கலந்த தண்ணீரும் பரவாயில்லை) மேலும் கீழுமாக லேசாக ஓட்டுங்கள். அழுத்தவே வேண்டாம். முதலில் கரகரவென்று சத்தம் வரும், பிறகு சத்தம் அடங்கி வழுக்கிக்கொண்டு போகும், அப்போது அந்த இடம் முடிந்தது. அடிக்கடி மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். கீழே விழுந்த கிளே குப்பைக்குத்தான். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் மண் ஏறியதைத் திரும்பப் பெயின்ட்டில் வைக்காதீர்கள். கிளே ஓட்டினால் லேசான கோடுகள் விழலாம், அதனால்தான் அது பாலிஷுக்கு முன்னால் வருகிறது.

மூன்றாம் படி: பாலிஷ்

பாலிஷ் வேண்டுமா என்று இப்போது முடிவு செய்யலாம். டார்ச்சில் ஸ்வர்ல் அதிகம் தெரியாத புது வண்டி என்றால் இந்தப் படியைத் தாண்டி நேராக வேக்ஸுக்குப் போங்கள். கீறல் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டினால் அந்தக் கீறல் பாலிஷில் போகாது, சுற்றுவட்டாரத்தைத் தேய்த்து மெல்லிசாக்குவதுதான் மிச்சம்.

கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர், லோகோ ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சோம்பல்பட்டு விட்டீர்களானால் பாலிஷ் காய்ந்து அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, பல மாதத்துக்கு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

முழு வண்டியில் கை வைக்கும் முன் ஒரு மூலையில், ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தில் சோதித்துப் பாருங்கள். இருப்பதிலேயே நைசான பாலிஷ், மிருதுவான பேட் இரண்டில் ஆரம்பித்து, போதவில்லை என்றால்தான் அடுத்தது. பெயின்ட்டின் கடினம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் வேலை செய்தது உங்கள் வண்டியில் வேலை செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை.

கையால் என்றால்: நுரை பேட்டில் சிறு காசு அளவு பாலிஷ், இரண்டு உள்ளங்கை அகல இடம், முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே, மிதமான அழுத்தத்தில், பாலிஷ் ஏறக்குறையக் கண்ணாடி போல மெலியும்வரை தேய்த்து, துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகருங்கள். தோள் வலிக்கும், அதை மறைப்பானேன். கையால் செய்தால் லேசான மங்கல் போகும், நிறம் திரும்ப வரும், ஆழமான ஸ்வர்ல் பாதிதான் குறையும்.

மெஷின் என்றால் டி.ஏ. எனப்படும் டூயல் ஆக்‌ஷன் மெஷினை மட்டும் தொடுங்கள். பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்வதால் ஒரே இடத்தில் சூடு ஏறுவது குறைவு, புதியவர் கையிலும் பெரிதாகக் கெடுத்துவிடாது. ரோட்டரி வேறு, அது ஒரே அச்சில் சுழலும், தெரிந்தவர் கையில் அற்புதம், தெரியாதவர் கையில் பானட்டின் மடிப்பில் பத்து நொடியில் பிரைமர் தெரியும். புதுப் பேட்டில் முதலில் பாலிஷைத் தடவி நனையவிட்டு, பிறகு பட்டாணி அளவில் நாலைந்து சொட்டு போதும். மெஷினை ஆன் செய்யாமலே இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் ஒற்றிப் பரப்பி, குறைந்த வேகத்தில் தடவி, பிறகு ஆறு வேகம் உள்ள மெஷினில் நாலு அல்லது ஐந்தில் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன் பாதியை மூட வேண்டும், குறுக்கும் நெடுக்குமாக நாலு முதல் ஆறு சுற்று. பேட் தட்டையாகப் பதிந்திருக்க வேண்டும். மெஷினின் எடையோடு கொஞ்சம் கை பாரம் போதும்.

விளிம்பு, மடிப்பு, கதவு ஓரம் இவற்றில் பெயின்ட் மெல்லிசு, அங்கே டேப் ஒட்டிவிட்டுப் பிறகு கையால் முடியுங்கள். பம்பரில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும்: பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது, தகட்டில் பரவிப் போகிற சூடு பம்பரில் ஒரே இடத்தில் தங்கிப் பெயின்ட்டை இளக்கிவிடும். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் பேட்டை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் எடுத்த பெயின்ட்டையே திரும்பப் போட்டு அரைப்பீர்கள்.

முடிந்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, ஏ.சி. தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ நாலைந்து பங்கு கலந்து ஸ்ப்ரே அடித்துத் துடைத்துவிடுங்கள். பாலிஷின் எண்ணெய் போய்விடும், கீறல் உண்மையிலேயே போயிருக்கிறதா, எண்ணெயில் ஒளிந்திருக்கிறதா என்பது இப்போதுதான் தெரியும். சீலண்ட்டும் சிலிக்கா ஸ்ப்ரேயும் எண்ணெய் இல்லாத பெயின்ட்டில்தான் நன்றாக ஒட்டும்.

நான்காம் படி: வேக்ஸ்

பேஸ்ட் வேக்ஸில் எல்லோரும் தவறுவது அளவில். நிறையப் போட்டால் நிறையப் பளபளக்காது, துடைக்கத்தான் கஷ்டம். ஈர அப்ளிகேட்டர் பேட்டை டப்பாவில் லேசாக ஒரு திருகு திருகி எடுத்தால் பாதி பானட் வரை வர வேண்டும். சாய்ந்து பார்த்தால் மட்டும் தெரியும் மங்கல் படலமாக, நேர்க்கோட்டில் தடவுங்கள்.

கார்நௌபா என்றால் நம் வெப்பத்தில் ஒவ்வொரு பாகமாகப் போட்டு எடுப்பதே நல்லது. எப்போது துடைப்பது? விரலால் அந்தப் படலத்தில் ஒரு கோடு இழுங்கள். சுத்தமாகப் பெயின்ட் தெரிந்தால் துடைக்கலாம், ஈஷினால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில், அதுவும் மழைக் காலத்தில், காய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். சீலண்ட்டுக்கு அதன் டப்பாவில் உள்ள நேரம்தான் கணக்கு. துடைக்க இரண்டு துணி: முதல் துணி வேக்ஸை எடுக்க, இரண்டாவது துணி மெருகேற்ற. துணி கனத்துப் போனதும் மாற்றுங்கள். எங்காவது காய்ந்து கெட்டியாகி வரவில்லை என்றால் அழுத்தித் தேய்க்காமல் அதன் மேலேயே துளி வேக்ஸ் தடவி உடனே துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

சிலிக்கா ஸ்ப்ரே என்றால் பெயின்ட்டில் நேராக அடிப்பதை விடத் துணியில் இரண்டு அழுத்து அழுத்திப் பரப்பி, அடுத்த துணியால் உடனே துடையுங்கள். வெயிலில் அடித்துக் காய்ந்துவிட்டால் வானவில் மாதிரிக் கறை படியும். முன் கண்ணாடியில் வேக்ஸ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மழையில் வைப்பர் தத்தித் தத்தி ஓடும்.

சீலண்ட்டுக்கு இரண்டாம் பூச்சு போடுவதாக இருந்தால் அடுத்த நாள் போடுங்கள். விட்டுப்போன இடத்தை மூடத்தான் அது. குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் படாமல் இருந்தால் நல்லது, அதனால் மழை வரும்போல இருக்கும் நாளில் ஆரம்பிக்காதீர்கள்.

கடையில் கொடுப்பதாக இருந்தால்

எல்லோராலும் ஒரு நாளைச் செலவழிக்க முடியாது, சரி. வண்டியை விடும் முன் சிலதைக் கேளுங்கள்: கிளே போடுவீர்களா? எந்த மெஷின்? பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் இருக்கிறதா? முன்பு செய்த ஒரு கறுப்பு வண்டியை வெயிலில் காட்ட முடியுமா? கடைசிக் கேள்விதான் முக்கியம். ரோட்டரியால் அவசரமாகச் செய்த வண்டி கடையின் டியூப்லைட்டில் ஜொலிக்கும், வெயிலுக்கு வந்ததும் பானட் முழுக்க மெஷின் போன தடம் வால் வாலாக ஆடும். ஒரு மணி நேரத்தில் 'ஃபுல் பாடி பாலிஷ்' என்று சொல்லும் இடத்தில் கிடைப்பது அழுக்கை எடுத்து வேக்ஸும் பூசும் கிளீனர் வேக்ஸ் ஒரு பூச்சுதான். விலை அதற்கேற்ப இருந்தால் அதிலும் தப்பில்லை.

பிறகு பார்த்துக்கொள்வது

உலர்ந்த துணியால் தூசி தட்டுவதை விட்டுவிடுங்கள். தூசியோடு நாலு நாள் நிற்பது பெயின்ட்டுக்குக் கெடுதல் இல்லை, அதைத் துடைப்பதுதான் கெடுதல். காக்கை எச்சத்தை மட்டும் நாளைக்கு என்று விடக் கூடாது. வெயிலில் பெயின்ட் இளகி, மாலையில் இறுகும்போது எச்சம் இருந்த இடம் அச்சாகப் பதிந்துவிடும். ஈரத் துணியை மேலே போட்டு ஊறவிட்டு, அப்படியே அள்ளி எடுங்கள்.

மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாக, லிக்விட் டிடர்ஜென்ட்டில் துவையுங்கள். கம்ஃபர்ட் மாதிரி துணி மென்மையாக்கி எதுவும் வேண்டாம், இழை அடைத்துக்கொண்டு தண்ணீரை உறிஞ்சாது. தரையில் விழுந்த துணி சக்கரத்துக்குப் போகட்டும்.

ஆயுத பூஜைக்குப் பானட்டில் சந்தனமும் குங்குமமும் வைப்போம், மாலை கட்டுவோம். பூஜை முடிந்ததும் அதை அப்படியே விட்டு ஒரு வாரம் ஓட்டாதீர்கள். காய்ந்த சந்தனமும் விபூதியும் பொடிதான், வறட்டுத் துணியால் தேய்த்தால் மூணு கோட்டுப் பட்டை நிரந்தரமாக நிற்கும். குங்குமத்தின் சாயம் வெள்ளை வண்டியில் ரோஸ் நிறக் கறையாக ஏறும். அன்று மாலையே தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவுங்கள். முதல் நாளே வேக்ஸ் போட்டு வைத்திருந்தால் கறை பெயின்ட்டில் ஏறாமல் சுலபமாக வந்துவிடும்.

புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. டேங்க்கில் அழகுக்கு வரைந்திருக்கும் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள், மேடாகத் தட்டுப்பட்டால் அது கிளியர் கோட்டுக்கு மேலே இருக்கிறது, அங்கே காம்பவுண்டும் மெஷினும் கூடாது, வேக்ஸ் மட்டும். குரோம் பாகங்களுக்கு வேறு பாலிஷ் உண்டு, அதையும் பெயின்ட்டில் தடவாதீர்கள்.

அடுத்த வேக்ஸ் எப்போது என்று நாள்காட்டியில் குறிக்கத் தேவையில்லை. கழுவும்போது தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடாமல் பானட்டில் தட்டையாகப் பரவி நின்றால் முதலில் நல்ல ஷாம்பு போட்டு ஒரு முறை கழுவிப் பாருங்கள், சில சமயம் அழுக்குப் படலம்தான் வேக்ஸை மூடியிருக்கும். கழுவிய பின்னும் தட்டையாகவே நின்றால் வேக்ஸ் போய்விட்டது. ரூஃபும் பானட்டும்தான் எப்போதும் முதலில் போகும், கதவுகளில் இன்னும் நன்றாகவே இருக்கும். அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் போட்டால் அடுத்த மாதம் வரை ஓடும்.